முப்பத்தொரு கிலோமீட்டர் ஓடிய கார்

போன மாதம் கணேசன் போன் செய்து, இனிமேல் புதுக் காரைப் பதிவு செய்ய ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டாமாம் என்றான். சொந்த உபயோகத்துக்கு வாங்குகிற வண்டி என்றால் ஷோரூமில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். இன்ஸ்பெக்டர் நேரில் பார்க்கத் தேவையில்லை. கணேசனுக்குச் சந்தோஷம், வெயிலில் நிற்கிற வேலை மிச்சம். வாங்குகிறவர்களுக்கும் நல்லதுதான், அலைச்சல் இல்லை. எனக்கு மட்டும் அன்று முழுவதும் மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு வண்டி பதிவாக வேண்டுமென்றால் அதை ஒரு ஆள் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், இன்னொரு ஆள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்த காலத்திலேயே, எனக்குத் தெரியாமல் என் பெயரில் ஒரு கார் இருந்தது. வண்டி நகரவே வேண்டாம் என்றால் இனி எத்தனை பேர் பெயரில் எத்தனை கார் இருக்குமோ.

இதைச் சொன்னதும் கணேசன் பிடித்துக்கொண்டான். "இதை எழுதிப் போடுங்கண்ணே. புதுசா வேலைக்கு வாரவனுக எல்லாம் ஆதார் காப்பியை நோட்டீசு மாதிரி அள்ளிக் குடுத்துட்டுத் திரியுறானுக" என்றான். கணேசன் என்னோடு யார்டில் வேலை பார்த்தவன், இன்னும் அங்கேதான் இருக்கிறான். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. எழுதுவது என்றால் எதிரே யாரும் இல்லை, அதனால் துணிந்துவிட்டேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு பஞ்சு லோடு லாரியில் கிளீனர், பிறகு லைசென்ஸ், பிறகு ஒரு மில் முதலாளியின் ஜீப். அங்கிருந்து இராஜபாளையத்தில் ஒரு கார் ஷோரூமுக்கு யார்டு டிரைவராகப் போனேன். பத்தொன்பது வருஷம். அங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஐம்பத்தைந்தோடு சரி, அனுப்பிவிடுவார்கள். என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

யார்டு டிரைவர் என்றால் பெரிய டிரெய்லரில் வருகிற புதுக் கார்களை இறக்கி, வரிசையில் நிறுத்தி, பேட்டரி செத்துப்போகாமல் வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டு, விற்றதும் கழுவி, பதிவுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற ஆள். கடைசியாகச் சொன்ன வேலைதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் அதில் பேச வேண்டியதில்லை.

பதிவுக்குப் போகுமுன் சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு காரின் உடம்பிலும் அதற்கென்று ஒரு நம்பரைக் கம்பெனியில் குத்தியிருப்பார்கள். எங்கள் வண்டிகளில் அது டிரைவர் கால் வைக்கிற பாய்க்குக் கீழே இருக்கும். பாயைத் தூக்கி, தூசியைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வரும். அழுத்தினால் தாள் கிழியும். அழுத்தாவிட்டால் எட்டும் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். அந்தச் சீட்டை ஃபைலில் ஒட்டுவார்கள். நான் எப்போதும் இரண்டு சீட்டு எடுப்பேன். ஒன்று ஃபைலுக்கு. இன்னொன்று என் நோட்டுக்கு. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நாளைக்கு ஏதாவது மாறிப்போனால் படிக்காதவன் தலையில்தான் போடுவார்கள் என்ற எண்ணம் எனக்குக் கிளீனராக இருந்த நாளிலிருந்தே உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். சீட்டில் பிளாஸ்டிக் உறை கழற்றாத வண்டியில் ஏசி போடாமல் போக வேண்டும், அது மேனேஜர் உத்தரவு. முதுகு ஒட்டிக்கொள்ளும். மைதானத்தில் வரிசையில் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். இன்ஸ்பெக்டர் வந்து பானெட்டைத் திறக்கச் சொல்லுவார், பாயைத் தூக்கச் சொல்லுவார், குனிந்து நம்பரையும் சீட்டையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார். எனக்குத் தெரிந்த வரையில் ஒருவர்கூடக் குனியாமல் கையெழுத்துப் போட்டதில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது வண்டி இருக்கிறதா, அந்த நம்பர்தானா என்பது. அந்த வண்டியை உண்மையில் யார் வாங்கினார்கள் என்று வண்டியைக் குனிந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு வேறு வழி இருந்தது. உண்மையாக வாங்குகிறவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். பூ மாலை, சூடம், நாலு டயருக்கு நாலு எலுமிச்சம்பழம். பழம் வாங்கி வைப்பதும், வண்டி ஏறி நசுக்கிய பிறகு அதைக் கூட்டி அள்ளுவதும் என் வேலை. ஆகவே என் நோட்டில் இடது பக்கம் பென்சில் சீட்டு, வலது பக்கம் எலுமிச்சம்பழத்துக்கு ஒரு கோடு. மாதம் முடிந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் பல வருஷம் அப்படித்தான் இருந்தது.

ஜெயபால் சார் மேனேஜராக வந்த பிறகு இடது பக்கம் நீண்டுகொண்டே போனது. ஒரு மாதம் இடது பக்கம் இருபத்தாறு, வலது பக்கம் பதினேழு கோடு. மீதி ஒன்பது கார் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பதிவாகித் திரும்பி வந்து, நம்பர் பிளேட்டை டிக்கியில் போட்டுக்கொண்டு, பின்னால் இருக்கிற யார்டில் துணி போர்த்தி நின்றன.

ஜெயபால் சார் மதுரைக்காரர். முழுக்கை வெள்ளைச் சட்டை. சத்தம் போட்டு ஒருநாளும் பேசியதில்லை. ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் கிட்டே வந்து முழங்கையைப் பிடித்துக்கொள்வார், முடியாது என்று சொல்ல வேண்டுமென்றால் போனைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார். என்னைப் போன்ற ஆளையும் "அண்ணே" என்பார். எனக்கு அந்த மரியாதையே முதலில் சந்தேகமாக இருந்தது. மாதக் கடைசி மூன்று நாளும் அவருக்கு மேலே இருந்து மணிக்கொரு தரம் போன் வரும். எத்தனை, எத்தனை என்றுதான் கேட்பார்கள். கார் தயாரிக்கிற கம்பெனிக்கு, பதிவானால்தான் விற்றதாகக் கணக்கு. பூ மாலையும் எலுமிச்சம்பழமும் அவர்களுக்குத் தெரியாது. இலக்கை எட்டினால் ஷோரூமுக்கு ஊக்கத்தொகை, எட்டாவிட்டால் ஒன்றும் இல்லை. எட்டாது என்று தெரிகிற மாதத்தில் ஜெயபால் சார் என் முழங்கையைப் பிடிப்பார். "அண்ணே, வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்ல அரைக் கிலோ பால்கோவா வாங்கிட்டு வாங்க. பசங்களுக்குக் குடுப்போம்."

வியாபாரம் நன்றாக நடக்கிற மாதத்தில் ஒருநாளும் பால்கோவா கிடையாது. எனக்கு இது மூன்றாவது தடவையே புரிந்துவிட்டது. இனிப்பை வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போதே எல்லாரிடமும் ஆதார் காப்பி கேட்பார். குரூப் இன்சூரன்சுக்கு என்பார், பி.எஃப். கணக்கைச் சரிபார்க்க என்பார். இரண்டு கையெழுத்து. பிறகு போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்ல வேண்டும். மற்ற பையன்களுக்கு விஷயம் தெரியும். அவர்கள் பெயரில் வண்டி பதிவாகி, ஒரு மாதத்தில் தள்ளுபடி விலைக்கு வேறு ஆளுக்குப் போய்விடும். அவர்களுக்கு ஒரு சட்டைத்துணி கிடைக்கும். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனை சந்தேகப்படுகிற நான், ஒரு மாதக் கடைசியில் பால்கோவா டப்பாவை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, போனுக்கு வந்த ஆறு எண்ணையும் ஜெயபால் சாருக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். எல்லார் பெயரும் போகும், என் பெயர் போகாது என்று எந்த நம்பிக்கையில் இருந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த, டவுன் பஸ்ஸில் வேலைக்கு வருகிற ஆள் பெயரில் யார் கார் எழுதுவார்கள் என்று நினைத்திருப்பேன்.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஒரு பேப்பர் செய்தியை வெட்டி, ஷோரூம் பலகையில் ஜெயபால் சார் குத்தி வைத்தார். தென் மாவட்டங்களில் கார் பதிவு கூடியிருக்கிறது, மக்கள் கையில் பணம் புழங்கத் தொடங்கிவிட்டது, கடைத்தெருவிலும் விற்பனை சூடு பிடிக்கும் என்று ஒரு நிபுணர் சொல்லியிருந்தார். நான் அதை இரண்டு முறை படித்தேன். என் மனைவி மாரித்தாய் சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணி மடிக்கிற வேலை பார்க்கிறாள். அந்த மாதம் அவளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. ஆர்டர் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டாராம். நான் செய்தியைச் சொன்னதும் அவள் சேலை மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஊரே காரு வாங்குதாக்கும். யாரு அது, நம்ம தெருவுல ஒருத்தனையுங் காணோமே?"

எனக்குப் பதில் தெரியும். பின்னால் யார்டில் வேப்பமரத்தடியில் துணி போர்த்தி நிற்கிறது ஊர் வாங்கிய கார். நான் சொல்லவில்லை. வேலை பார்க்கிற இடத்தைப் பற்றி வீட்டில் பேசினால் அது எப்படியும் திரும்பி வரும் என்று பயம்.

திரும்பி வந்தது, வேறு வழியாக. பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற மகளிர் உரிமைத் தொகைக்கு மாரித்தாய் விண்ணப்பம் கொடுத்திருந்தாள். தெருவில் அவள் வயதுள்ள எல்லாருக்கும் வந்தது. அவளுக்கு மட்டும் நிராகரிக்கப்பட்டது என்று போனில் தகவல் வந்தது. காரணம் பார்க்க இ-சேவை மையத்துக்கு இரண்டு பேரும் போனோம். கம்ப்யூட்டரில் இருந்த பெண் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஒங்க வீட்டுல காரு இருக்குல்லா? நாலு சக்கர வாகனம் இருந்தா கெடையாதும்மா."

"எங்க வீட்டுல சைக்கிளுதான் தாயி இருக்கு. அதுக்கும் ஒரு சக்கரத்துல காத்து கெடையாது" என்றாள் மாரித்தாய். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்காமல் இன்னொரு பக்கத்தைத் திறந்து, ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தாள். உரிமையாளர் பெயர் முத்தையா. அது நான்தான். தகப்பன் பெயர் சரி, விலாசம் சரி. வண்டி நம்பர், நிறம், மாடல், பதிவான தேதி எல்லாம் இருந்தது. மாரித்தாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். வரிசையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். அவள் எனக்கு நாலு எட்டு முன்னாலேயே நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"அந்த வண்டி எந்த வீட்டு வாசல்ல நிக்கி?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் சுட்டது. நான் வாய் திறந்து பேசாத ஆள், சம்பளத்தில் பாதியை யாருக்குச் செலவு செய்கிறேன் என்று சொல்லாத ஆள். எனக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று அவள் நினைக்க இடம் இருந்தது. உண்மையில் அந்தப் பணம் என் அக்காவின் வைத்தியத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதையும் நான் சரியாகச் சொன்னதில்லை. ஷோரூமில் பெயரை எழுதியிருப்பார்கள் என்றேன். "ஒங்களைக் கேக்காம ஒங்க பேர்ல ஒருத்தன் காரு வாங்குவானாக்கும். எம் பேர்ல ஒரு தோடு வாங்கச் சொல்லுங்க அவனை" என்றாள். அன்றிலிருந்து சோறு போடுவாள், பேச்சு இல்லை. மறுத்துச் சொல்ல என்னிடம் ஒரு சாட்சி இல்லை. அரசாங்கத் தாளில் என் பெயர் இருந்தது.

அந்தத் தாளில் சேஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்து மட்டும் தெரிந்தது, மற்றது மறைத்திருந்தது. என் நோட்டை எடுத்து இடது பக்கச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினோராவது பக்கத்தில் கிடைத்தது. பக்கத்தில் என் கையெழுத்தில் "துரு கலர்" என்று எழுதியிருந்தேன். அந்த நிறத்தை யாரும் விரும்பி வாங்கவில்லை. மற்ற பையன்கள் பெயரில் இருந்த வெள்ளை வண்டியெல்லாம் போய்விட்டது, இது மட்டும் வேப்பமரத்தடியில் மாதக்கணக்கில் நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் போர்வையை விலக்கி, சாவி போட்டு, பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, பூச்சி கூடு கட்டாமல் துடைத்து மூடிக்கொண்டிருந்தது நான். பதிவுக்கு ஓட்டிக்கொண்டு போனதும் நான். ஃபைல் பைக்குள் என் ஆதார் காப்பி இருந்திருக்கும். பின் சீட்டில் அதை வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

ஜெயபால் சாரிடம் கேட்க எனக்கு எட்டு நாள் பிடித்தது. கேபின் வாசல் வரை மூன்று முறை போய்த் திரும்பினேன். நாலாவது முறை அவராகக் கூப்பிட்டார். தாளை மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"இது ஒரு பேப்பர் விஷயந்தாண்ணே. ஆறு மாசம் பேரு மாத்தக் கூடாதுன்னு கம்பெனி ரூல். அப்புறம் நல்ல பார்ட்டியாப் பாத்து மாத்திருவோம்."

வீட்டில் பிரச்சினை என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். "பேருக்காவது ஒரு காரு இருக்கேன்னு அண்ணி சந்தோஷப்படணும்ல" என்றார். கம்பெனியில் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று மற்றவர்களிடம் விசாரித்தேன். ஒருவன் இருக்கிறது என்றான், ஒருவன் மூன்று மாதம் என்றான். ஆறு மாதமும் முடிந்தது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றார். உரிமைத் தொகைக்கு மேல்முறையீடு செய்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வருவார், அவரிடம் என்ன காட்டுவது? வண்டி என் பெயரில் இருக்கும்வரை யார் வந்தாலும் அதே பதில்தான். நான் போய் வெளியில் சொன்னால் வேலை போகும். இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி.

ஒரு வியாழக்கிழமை மாரித்தாய் தானாகவே பேசினாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஆபீசுலதான் நிக்கின்னு சொல்லுதீகள்லா. அப்ப ஒரு தடவை கொண்டாந்து காட்டுங்க. எங் கண்ணால பாக்கணும். காட்ட முடியலன்னா பொறவு நான் எங்க அண்ணனைத்தான் கூப்பிடணும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போலப் போர்வையை விலக்கி எஞ்சினை ஓடவிட்டேன். வெளியே ஓட்டினால் நம்பர் பிளேட் இல்லாமல் ஓட்டக் கூடாது, சட்டப்படி தப்பு. டிக்கியைத் திறந்தால் இரண்டு பிளேட்டும் உறையோடு இருந்தன. இந்தப் புது மாதிரி பிளேட்டுக்குத் தனி ஆணி உண்டு. ஒருமுறை அடித்தால் கழற்ற முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைத்தால் மறுபடி விண்ணப்பம் போட்டுப் புதுசு வாங்க வேண்டும். பிளேட் டிக்கியில் இருக்கும்வரை அது துணி போர்த்திய புதுக் கார், பிளேட் அடித்துவிட்டால் பார்க்கிற எவனுக்கும் அது முத்தையாவின் பழைய கார். இந்தப் பிளேட் வந்ததிலிருந்து எத்தனையோ வண்டிக்கு அந்த ஆணியை அடித்திருக்கிறேன். அன்று முதல் ஆணியை இரண்டு தடவை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டுத்தான் அடித்தேன். நாலாவது ஆணி ஒரே அடியில் இறங்கியது.

கேட்டில் வாட்ச்மேன் எழுந்துகூட நிற்கவில்லை. நான் தினமும் வண்டி எடுத்துப் போகிற ஆள்தானே.

எங்கள் தெருவில் கார் நுழைந்தால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. வாசலில் நிறுத்தியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஒரு அம்மா எலுமிச்சம்பழம் எடுக்க ஓடினாள், நான் கையைக் காட்டித் தடுத்தேன். மாரித்தாய் வெளியே வந்தாள். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். தாளை ஜாக்கெட்டுக்குள் இருந்து எடுத்து, நம்பர் பிளேட்டோடு வைத்து எண் எண்ணாகப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் பார்ப்பது மாதிரியே இருந்தது. பிறகு கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை நொறுநொறுவென்றது. முகர்ந்து பார்த்தாள். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். நான் சாவியைத் திருப்பியதும் எதிரே விளக்கு எரிந்தது.

"இது என்ன நம்பரு?"

"வண்டி பொறந்ததுல இருந்து எம்புட்டு கிலோமீட்டரு ஓடியிருக்குன்னு. இங்க வரதுக்கு முன்னாடி முப்பத்தொண்ணு. நம்ம வீட்டுக்கு வந்ததுல ரெண்டு."

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிட்டு வந்தா எம்புட்டு?"

"இருவத்தி நாலு."

"மிச்சம் ஏழு?"

"டிரெய்லர்ல ஏறி எறங்குனது, கம்பெனிக்குள்ள ஓட்டுனது, மெயின் ரோட்டுல எறக்கி யார்டுக்குக் கொண்டாந்தது."

அவள் விரலால் கணக்குப் போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துச் சொன்னாள். "அப்ப வேற எங்கயும் போகல."

"போகல."

"ஒரு வாய் சொல்லியிருக்கலாம்லா, ஏழு மாசமா. வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு."

பால்கோவா இருந்தது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அக்கா விஷயத்தை அந்தக் காருக்குள்ளேயே உட்கார்ந்துதான் சொன்னேன். வெளியே தெருவே நின்றது, உள்ளே கண்ணாடி ஏற்றியிருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு தனியிடம் கிடையாது. அவள் கேட்டுவிட்டு, "இதையும் மறைச்சிருக்கீக" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை.

அதற்குள் ஜெயபால் சார் போன் செய்தார்.

"அண்ணே, துரு கலர் வண்டி எங்க?"

"வீட்டுல சார்."

"எந்த வீட்டுல?"

"எங்க வீட்டுல. எம் வண்டிதான சார்."

அவரிடம் நான் பேசியதில் பெரிய பேச்சு அதுதான். சாயங்காலம் வண்டியைக் கொண்டுபோய் அதே வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். ஜெயபால் சார் வந்து, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஆணித் தலையைக் கட்டைவிரலால் தடவினார். "அடிச்சிட்டீங்களாண்ணே" என்றார். அப்போதும் சத்தம் போடவில்லை. நம்பர் இல்லாமல் ரோட்டில் ஓட்டக் கூடாதே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷமும் நான் பேசாமல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவர் யோசிப்பது தெரிந்தது. அடுத்த வாரம் மேலிடத்து ஆள் ஸ்டாக் எண்ண வரவேண்டி இருந்தது. புது வண்டி வரிசையில் பிளேட் அடித்த வண்டி நின்றால் ஜெயபால் சார் அந்த ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டும். என்னை வேலையை விட்டு அனுப்பினால் வண்டியின் சொந்தக்காரனை அனுப்பியது மாதிரி ஆகும், பெயர் மாற்றுகிற கையெழுத்துக்கு என்னிடம்தான் வரவேண்டும்.

நாலே நாளில் ஆள் கிடைத்தது. ஆலங்குளத்தில் இருந்து ராணுவத்தில் ஓய்வு பெற்ற ஒருவர். அவரிடம் ஒன்றையும் மறைக்க முடியவில்லை, ஆர்.சி.யில் முதல் பெயர் என்னுடையது என்று தெரிந்தே தள்ளுபடிக்கு வாங்கினார். நிறத்தைப் பற்றி ஜெயபால் சார் இழுத்துப் பேசியபோது, "எங்க ஊரு சுண்ணாம்புத் தூசியில ஒரு வாரம் நின்னா எல்லா வண்டியும் ஒரே கலருதான்" என்றார். பெயர் மாற்றுகிற படிவங்களில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்குகிறவரையே வாசித்துச் சொல்லச் சொன்னேன். நிதானமாக வாசித்தார். அன்று நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தேன். நோட்டில் வலது பக்கம் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் ஒன்றும் இல்லை. யாரும் வாங்காத மாதத்தில் அந்தக் கார் பேப்பரில் ஏறியது. அவர் காசு கொடுத்து வாங்கிய மாதத்தில் அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை, வெறும் பெயர் மாற்றம்.

புதுத் தாளோடு மேல்முறையீடு செய்தோம். கிராம நிர்வாக அலுவலர் வந்து, வாசலில் சைக்கிளைப் பார்த்து, எழுதிக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்து மாரித்தாய்க்குப் பணம் வந்தது. பணம் ஏறியதாக முதல் தகவல் வந்த அன்று அவள் போனை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். இருந்தாலும் என் வாயால் கேட்க வேண்டுமாம்.

எனக்கு ஓய்வு கொடுத்த அன்று ஜெயபால் சார் ஒரு கிலோ பால்கோவா கொடுத்தார். செட்டில்மென்ட்டுக்கு ஆதார் காப்பி வேண்டும் என்றார். கொடுத்தேன். காப்பியின் குறுக்கே கொட்டை எழுத்தில், செட்டில்மென்ட்டுக்கு மட்டும், வேறு எதற்கும் அல்ல என்று வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்தார், போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, காப்பியில் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுங்கள். போனில் வருகிற ஆறு எண்ணை, வாயில் இனிப்பு இருக்கும்போது யாருக்கும் சொல்லாதீர்கள்.

இந்த மாதம் முதல் வாரத்தில் மறுபடி பேப்பரில் வந்திருந்தது. கார் பதிவு முன்னெப்போதும் இல்லாத உயர்வாம், மக்களின் வாங்கும் சக்தி கூடிவிட்டதாம். அதில் எத்தனை உண்மை, எத்தனை வேப்பமரத்தடி என்று எனக்கு இப்போது தெரிய வழியில்லை. நோட்டில் ஒட்ட என்னிடம் சீட்டு இல்லை. எல்லாம் பொய் என்று சொல்லவும் மாட்டேன், வாங்குகிறவர்களும் இருப்பார்கள். சத்தமாக வாசித்தேன். மாரித்தாய் அன்றைக்கும் வேலை இல்லாமல் வீட்டில்தான் இருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள்.

"அம்புட்டு வண்டியும் எத்தனை கிலோமீட்டரு ஓடியிருக்குன்னு போட்டிருக்கானா?"

பேப்பரை மறுபடி பார்த்தேன். போடவில்லை.